இறங்கும் சரிவு



கடந்த சனிக்கிழமை பிற்பகல், ஞாயிறு ஆராதனைக்கான பிரசங்கத்தை ஆயத்தப்படுத்தவேண்டிய நேரத்தில், நான் எங்கள் வீட்டின் பின்வளவில் ஷவலோடு நின்று பனி வாரிக்கொண்டிருந்தேன். மறுநாள் பீடத்தில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டு உங்களில் சிலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். ஒரு தாயார் தம் கைப்பையிலிருந்து தைலம் எடுத்துத் தந்தார். அந்த இடுப்புவலியின் வரலாற்றைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் முதலில் என் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் இரண்டு வரிகளை வெட்டினாள்; மற்றவற்றை அப்படியே விடச் சொன்னாள். ஆகவே நீங்கள் வாசிக்கப்போவது அவளுடைய அனுமதியோடு எழுதப்பட்டதாகும்.

என் பேரனுக்கு ஆறு வயது. சென்ற வாரம் பாடசாலையிலிருந்து வந்தவன், காலணியைக் கழற்றுமுன்னே, "அம்மப்பா, எனக்கு ஒரு ஹொப் கட்டித் தாறீங்களா?" என்று கேட்டான். நோர்வேயில் பிள்ளை வளர்த்த எவருக்கும் இச்சொல் விளங்கும். பனியைக் குவித்து, மிதித்து இறுக்கி, ஸ்கீயில் சறுக்கி வந்து பாய்வதற்கென்று பிள்ளைகள் தங்கள் வளவிலே கட்டும் சிறு மேடை அது. அவன் கேட்டபோது என் மகள் சமையலறையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியின் ஓசை ஒரு கணம் நின்றது. பின்பு மீண்டும் தொடங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருபது ஆண்டுகளாக ஒருவரும் ஹொப் கட்டவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஏன் கட்டவில்லை என்பதும் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்திலே பிறந்தவன். பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. 1989ஆம் ஆண்டு ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து இறங்கியபோதுதான் முழங்கால் வரை புதையும் பனியைக் கண்டேன். இறையியற் கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் படித்த காலத்தைவிட அந்த முதல் மாரிகாலத்தில் விழாமல் நடக்கக் கற்றது எனக்குக் கடினமாயிருந்தது. எனவே வழுக்கும் நிலத்தைக் கண்டால் என் உடம்பு தானாகவே இறுகிவிடும். இந்த நாட்டவர்கள் வழுக்குவதைத் தேடிப்போய், அதற்கு மேல் உயரமான மேடையும் கட்டி, அதிலிருந்து தங்களைத் தாங்களே எறிந்துகொள்வதை நான் நெடுங்காலம் ஒருவகைப் பைத்தியம் என்றே எண்ணியிருந்தேன்.

அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1808ஆம் ஆண்டு ஒலாஃப் ரியே என்னும் இராணுவ அதிகாரி எய்ட்ஸ்பெர்க் தேவாலயத்தின் அருகே 9.5 மீற்றர் பாய்ந்ததே அளந்து பதியப்பட்ட முதல் பாய்ச்சல் என்பார்கள். (தேவாலயத்தின் அருகே என்பதை நம் வாலிபர்கள் குறித்துவைத்துக்கொண்டு என்னிடம் வாதாட வரவேண்டாம்.) தெலமார்க்கின் மொர்கெடால் ஊரில் பிறந்த சொண்ட்ரே நோர்ஹைம் என்ற ஏழைக் குடியானவர், குதிக்காலையும் பிணைக்கும்படி மிலாறு திரித்துக் கட்டிய ஸ்கீயோடு அந்தக் கலையை வளர்த்தார். 1892இல் ஹொல்மென்கொல்லனில் முதற்போட்டி நடந்தபோது மிக நீண்ட பாய்ச்சல் 21.5 மீற்றர். இன்று 250 மீற்றருக்கு மேலும் பறக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டு ஜனவரி மாதம். என் மகளுக்கு அப்போது பத்து வயது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஹொப் கட்டிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அவளும் கேட்டாள். நான் மறுத்தேன். அவள் விடவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு இன்னொரு கோபமும் இருந்தது. அடுத்த மாதம் தூரின் நகரில் நடக்கவிருந்த ஒலிம்பிக் விளையாட்டில் ஆண்கள் மட்டுமே ஸ்கீ பாய்ச்சலில் பங்குகொள்ளலாம் என்பதை எங்கோ அறிந்துவந்திருந்தாள். "பெண்பிள்ளைகள் ஏன் பாயக்கூடாது அப்பா?" என்று கேட்டாள். "உடம்புக்கு நல்லதில்லை என்று பெரியவர்கள் யோசித்துத்தானே வைத்திருப்பார்கள்" என்று நான் பதில் சொன்னேன். யார் அந்தப் பெரியவர்கள், என்ன யோசித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆண்கள் 1924இல் பாய்ந்த ஒலிம்பிக்கில் பெண்கள் பாய்வதற்கு 2014 வரை, தொண்ணூறு ஆண்டுகள், காத்திருக்கவேண்டியதாயிற்று.

கடைசியில் இணங்கினேன். ஆனால் பயத்தோடு இணங்கினேன். பயந்தவன் கட்டும் கட்டடம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பின்வளவு வீட்டுப் படியிலிருந்து வேலியை நோக்கிச் சரிந்துபோய், வேலிக்கு ஐந்தாறு மீற்றர் முன்னே சமதரையாகிறது. மேடையைச் சரிவின் நடுவிலே கட்டினால் பிள்ளை பாய்ந்து சரிவிலேயே விழுவாள், உருண்டு கீழே போய்விடுவாள் என்று எண்ணினேன். எனவே சரிவு முடிந்து சமதரை தொடங்குமிடத்தில் கட்டினேன். அங்கே விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடப்பாள் அல்லவா? அது பாதுகாப்பு என்று நினைத்தேன். மேடையின் விளிம்பை அறுபது சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்தவேண்டாம் என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அது இடிந்துவிடாதிருக்க இரவில் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினேன். விடிந்தபோது மேடை கண்ணாடிபோல் உறைந்திருந்தது. எவ்வளவு உறுதியாகக் கட்டிவிட்டேன் என்று மகிழ்ந்து, அவள் பாயுமுன் ஜெபமும் பண்ணினேன்.

மூன்றாவது பாய்ச்சலில் அவளுடைய இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

அன்று மாலை, கையில் கட்டோடு அவள் உறங்கிய பின், பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரம் வந்து நின்றார். ஓய்வுபெற்ற தச்சர்; இப்போது உயிரோடில்லை. மேடையைச் சற்றுநேரம் பார்த்தார். "மேடை நன்றாகத்தான் இருக்கிறது. உன்னாறென் எங்கே?" என்று கேட்டார். எனக்கு அச்சொல் விளங்கவில்லை. அவர் கையைச் சாய்த்துக் காட்டினார். பாய்ந்தவன் வந்து இறங்கும் சரிவு. நான் மேடையை மட்டும் கட்டியிருந்தேன்.

அவர் அன்று வேலிக்கு மேலாகச் சொன்னவற்றை நான் பின்பு புத்தகங்களிலும் பார்த்தேன். பாய்பவனை முறிப்பது உயரமன்று. அவன் வேகம் நிலத்தில் முட்டி ஒரே கணத்தில் நிற்பதுதான். கால் படும் நிலம் அவன் விழும் திசையிலேயே சரிந்திருந்தால், அவன் அதில் மோதுவதில்லை, அதன்மேல் வழுகித் தொடர்கிறான். சமதரையில் வந்து விழுந்தால் கீழ்நோக்கிய வேகம் முழுவதையும் முழங்காலும் கையும் வாங்கவேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஹொல்மென்கொல்லன் வீரர்கள் வானத்தின் உச்சியிலிருந்து விழுவதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் பறக்கும் பாதையும் கீழேயுள்ள சரிவும் ஏறத்தாழ ஒரே கோட்டிலே செல்கின்றன. நூறு மீற்றருக்கு மேல் பறப்பவனுக்கும் பனிக்கும் இடையில் பெரும்பாலும் சில மீற்றர் இடைவெளியே உண்டு. இன்னொன்றைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள்: அந்தப் பெரிய மேடைகளின் விளிம்பு மேல்நோக்கி வளைந்ததல்ல. அது சுமார் பதினொரு பாகை கீழ்நோக்கியே சாய்ந்திருக்கிறது. அந்த அமைப்பில் மிகப் பெரிய பகுதி, மிகக் கவனமாக வடிக்கப்படும் பகுதி, இறங்கும் சரிவுதான்.

கிழவர் மறுநாள் தாமே ஷவலோடு வந்து சரிசெய்து தருவதாகச் சொன்னார். நான் நன்றி கூறி அனுப்பிவிட்டு, அன்றிரவே மேடையை இடித்தேன். தண்ணீர் ஊற்றி உறையவைத்ததை இடிப்பது இலகுவல்ல, கோடரி எடுக்கவேண்டியிருந்தது. காலையில் மகள் யன்னலால் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப்பின் அவள் ஹொப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் அதைப் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் என்று எண்ணி உள்ளூர நிம்மதியடைந்தேன்.

பிரியமானவர்களே, உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் புதுவீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு. மெத்தையைச் சுற்றிக் கைபிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வராதிருக்கவேண்டும். இதை வைத்து நான் இந்தச் சபையில் குறைந்தது மூன்று முறை பிரசங்கித்திருக்கிறேன். வாலிபர் முகாமில் ஒருமுறை, திருமண ஆயத்த வகுப்புகளில் பலமுறை. சுவர், எல்லை, எச்சரிக்கை என்றே பேசினேன். அந்த வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. மெத்தைமேல் ஏறாதே என்று அது எவரிடமும் சொல்லவில்லை. அந்நாட்களில் மக்கள் மெத்தையிலே உறங்கினார்கள், உலாவினார்கள், ஜெபித்தார்கள். கடமை முழுவதும் வீட்டைக் கட்டுகிறவன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. நானோ அதை ஏறுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத இரவில் என் மகள் வேறொரு நகரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். தன் திருமண வாழ்வைத் தொடரமுடியாது என்றாள். அதன் காரணங்களை எழுத எனக்கு உரிமையில்லை; நான் கேட்டவை எந்தத் தகப்பனையும் உறங்கவிடாதவை என்று மட்டும் சொல்லலாம். அப்போது நான் சொன்ன பதில் இன்றும் சொல்லுக்குச் சொல் என் நினைவிலிருக்கிறது. "அவசரப்படாதே பிள்ளை. ஜெபிப்போம். இப்போதைக்கு ஒருவருக்கும் சொல்லவேண்டாம்." அவள் சற்றுநேரம் மௌனமாயிருந்தாள். பின்பு, "சரி அப்பா" என்று வைத்துவிட்டாள்.

அந்த "ஒருவருக்கும்" என்ற சொல்லில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். போதகரின் மகள் இப்படி வந்து நின்றால் சபை என்ன சொல்லும் என்பதே என் முதல் எண்ணமாயிருந்தது. அவள் எங்கே படுப்பாள், பிள்ளையை யார் பாடசாலைக்குக் கூட்டிச்செல்வார் என்பவை இரண்டாவதாகவும் வரவில்லை. ஏழு மாதங்கள் அவள் பிள்ளையோடு ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகை அறையில் இருந்தாள். நான் ஒவ்வொரு இரவும் அவளுக்காக ஜெபித்தேன். அந்த ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜெபம் முடித்து எழுந்து, என் படிப்பறையில் அடுக்கியிருந்த புத்தகப் பெட்டிகளை நகர்த்தி ஒரு கட்டில் போட எனக்குத் தோன்றவில்லை. அதைச் செய்தவள் என் மனைவி. என்னைக் கேளாமலே ரயில் சீட்டு எடுத்துப் போய், இருவரையும் கூட்டிவந்தாள்.

திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளையோருக்கு நான் ஆறு வகுப்புகள் நடத்துகிறேன். இடறாதிருக்கச் செய்யவேண்டியவை அனைத்தும் அவற்றிலுண்டு. இடறினவர் எந்த வாசலால் உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு வகுப்பும் இல்லை. ஒரு பக்கமும் இல்லை. அளவுகோல் வைத்து மேடையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டும், அதற்குத் தண்ணீர் ஊற்றி உறையவைத்துக்கொண்டும் இருந்தேன் போலும்.

திரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணினபோது யன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்னும் வாலிபனை நீங்கள் அறிவீர்கள். நீண்ட பிரசங்கம் செய்யும் போதகர்களைக் கேலி செய்ய அவனைத்தான் எல்லோரும் அழைப்பார்கள். பவுல் பிரசங்கத்தை நிறுத்தினார், படியிறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார் என்று லூக்கா எழுதுகிறார். யன்னலில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை.

அவள் திரும்பிவந்து முதன்முறை ஆராதனைக்கு வந்த காலையை நான் பீடத்திலிருந்து பார்த்தேன். வாசலில் தயங்கினாள். வலப்பக்க மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மூத்த சகோதரி, திரும்பிப் பார்த்து, தம் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளியமர்ந்தார். அவ்வளவுதான். பேரனுக்கு ஒரு இனிப்புக் கொடுத்தார். எத்தனை நாள் நிற்பாய், அவர் வரவில்லையா என்று எதுவும் கேட்கவில்லை. அந்தச் சகோதரி இதை வாசிப்பார். அவர் செய்ததை அவரே மறந்திருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இம்முறை மேடையைச் சரிவின் நடுவிலே குறித்தேன். புதிதாய்ப் பெய்த குளிர்ப்பனி சீனிபோல் உதிரும், கையில் பிடிபடாது. ஆனால் அதை வாரிக் குவித்து, மிதித்து, சில மணிநேரம் சும்மா விட்டுவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தாமாகவே இறுகிவிடுகின்றன. தண்ணீர் தேவையில்லை, பொறுமைதான் தேவை. வெள்ளிக்கிழமை மாலையே குவித்து மிதித்து வைத்தோம். சனிக்கிழமை செதுக்கினோம். விளிம்பு நாற்பது சென்ரிமீற்றர். அதற்கு வேண்டிய பனி சிறிதளவே. அதன் கீழேயுள்ள இறங்கும் சரிவுக்குத்தான் வளவின் பனியெல்லாம் போயிற்று. வேலியோரம், கார் நிறுத்துமிடம், கூரையிலிருந்து சரிந்து கிடந்த குவியல் எல்லாவற்றையும் வாரினேன். என் இடுப்பு போனது அங்கேதான். பேரனுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. "அம்மப்பா, ஹொப் அங்கே இருக்கு. நீங்கள் ஏன் இங்கே போடுறீங்கள்?" என்று மூன்று முறை கேட்டான்.

குறுக்காக ஸ்கீயை வைத்து மேலிருந்து கீழாக மிதித்தோம். விளிம்பு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கிறிஸ்மஸ் மரத்தின் கிளைகளை ஒடித்து இருபுறமும் நட்டோம். மரத்தை எறிவதற்கு நான் ஒவ்வோர் ஆண்டும் பிந்துவதைப்பற்றி வீட்டில் ஒரு குறை உண்டு. இவ்வாண்டு அது பயன்பட்டது.

முதற்பாய்ச்சலில் ஒரு மீற்றர்கூடப் போயிருக்கமாட்டான். விளிம்பை விட்டதும் கைகளை விரித்து, வாயைத் திறந்து, சரிவிலே சாய்ந்து விழுந்து, முதுகால் வழுகி வேலியடிவரை போனான். என் உடம்பு ஃபின்மார்க்கில் போல் இறுகிற்று. அவன் கிடந்தபடியே சிரித்தான். எழுந்து, தலைக்கவசத்தை நேராக்கி, "இன்னும் ஒருக்கா" என்று ஏறத் தொடங்கினான்.

நாலைந்து முறை விழுந்தபின்தான் பின்கதவு திறந்தது. மகள் தன் தாயின் காலணியைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. நேராக இறங்கும் சரிவுக்குப் போய், குதிக்காலால் இரண்டு மூன்று இடங்களில் மிதித்துப் பார்த்தாள். இடக்கை மணிக்கட்டை வலக்கையால் பிடித்தபடி சற்றுநேரம் நின்றாள். குளிருக்கு அவளுக்கு அங்கே இன்னும் வலிக்கும்.

"அப்பா, கீழ்முனையில் காணாது. அவன் பழகப் பழக இன்னும் தூரம் பாய்வான். அங்கே வந்து விழுவான்" என்றாள்.

நான் சரி என்றேன். அவள் என் கையிலிருந்த ஷவலை வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே போய் மற்றதை எடுத்துவந்தேன். இருட்டி, முன்வாசல் விளக்கைப் பின்பக்கம் இழுத்துக் கட்டும்வரை மூவரும் வாரினோம். பிரசங்கக் குறிப்பு மேசையில் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஞாயிறு பிரசங்கம் இருபது நிமிடத்தில் முடிந்ததன் காரணம் அதுதான். அதற்காக வாசலில் கைகுலுக்கி நன்றி சொன்ன சகோதரர்கள் யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.